நெஞ்சு எக்ஸ்ரேக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்றதையே ஆராய்ச்சியா எடுக்கலாமா?

பொகவந்தலாவைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராதனையில ரேடியோகிராஃபி இறுதி வருஷம். ஆராய்ச்சித் தலைப்பு குடுக்க இன்னும் மூணு கிழமைதான் இருக்கு. முதல் தலைப்பு திரும்பி வந்துருச்சு, அதனாலதான் இங்க வந்து கேக்குறேன்.

நான் முதல்ல குடுத்தது, நெஞ்சு எக்ஸ்ரேல காசநோயைக் கண்டுபிடிக்க ஏ.ஐ. எவ்வளவு சரியா வேலை செய்யுதுங்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல, 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குக் காசநோய் ஸ்கிரீனிங் செய்யுறப்போ ஆள் வாசிக்கிறதுக்குப் பதிலா கம்ப்யூட்டர் வாசிப்பையும் பாவிக்கலாம்னு சொல்லியிருக்கு. நம்ம பக்கத்துக்குப் பொருத்தமா இருக்கும்னு நெனச்சேன். எங்க மிஸ் பொறுமையா வாசிச்சிட்டு மூணே மூணு கேள்வி கேட்டாங்க. சொஃப்ட்வெயர் எங்க இருந்து வரும்? ஒவ்வொரு படத்துக்கும் சளிப் பரிசோதனை முடிவு கையில இருக்கா? ஆறு மாசத்துல உனக்கு எத்தனை காசநோய்க்காரங்க கிடைப்பாங்க? மூணுக்கும் பதில் இல்ல. "உன் கண்ணுக்கு முன்னால நடக்கிறதுல ஒண்ணை எடு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

கண்ணுக்கு முன்னால நடந்தது ஒண்ணு இருக்கு. அது ஆராய்ச்சியா இல்லையான்னுதான் எனக்குத் தெரியல.

போன மாசம் பயிற்சிக்கு ஒரு மலை ஆஸ்பத்திரியில இருந்தேன். தோட்டத்துல இருந்து ஒரு பாட்டி வந்தாங்க. ரெண்டு கிழமையா இருமல். ரவிக்கையக் கழட்டி கவுன் போட்டு, சடைய உச்சியில தூக்கிக் கட்டி, தாலிய முதுகுப் பக்கம் தள்ள முடியாம வாயில கவ்விக்கிட்டு நின்னாங்க. "வாயில வேணாம் பாட்டி"ன்னு சொல்லி அதையும் சரி பண்ணி, ஸ்டாண்டுல நெஞ்சை வெச்சு, நாடிய மேல ஏத்தி, தோளை முன்னால தள்ளி விட்டேன். டியூட்டியில இருந்த சேர் கண்ணாடிக்குப் பின்னால இருந்து சிங்களத்துல "ஹுஸ்ம கன்ன... அல்லகன்ன"ன்னார். பாட்டி அசையல. சேர் நல்ல மனுஷன், தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல "மூச்சு எடு அம்மா, மூச்சு புடி"ன்னார். "சரிங்கய்யா"ன்னாங்க. பட்டன அமத்தினார்.

மூச்சை முழுசா இழுத்திருந்தா உதரவிதானத்துக்கு மேல பத்து பின் விலா தெரியணும். படத்துல வலது உதரவிதானம் எட்டாவது பின் விலாவுக்கு மேலேயே நிக்குது. இதயம் பெருசாத் தெரியுது, அடிநுரையீரல் எல்லாம் நெருக்கிக்கிட்டு வெள்ளை வெள்ளையா இருக்கு. திரும்ப எடுக்கணும்னார். இந்தத் தடவை நான் பேசினேன், புத்தகத்துல இருக்கிற மாதிரி: "மூச்சை நல்லா உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திக்கோங்க." "சரிங்க மிஸ்." திரும்பவும் அதே படம்.

அப்புறம் வாசல்ல ட்ரொலியோட நின்ன அக்கா உள்ள தலைய நீட்டி, "பாட்டி, கொழுந்து மூட்டைய தலைக்குத் தூக்குறப்போ தம் கட்டுவீங்கல்ல? அதே மாதிரி தம் கட்டுங்க"ன்னாங்க. பாட்டி ஒண்ணும் பேசல. தோள் ஏறிச்சு. மூணாவது படத்துல பத்து விலா.

இதை எடுக்கலாமா? "தம் கட்டு"ன்னு சொன்னா நல்ல படம் வருதா, "மூச்சை நிறுத்து"ன்னு சொன்னா வருதான்னு பாக்குறது. பெட்ச்ல சொன்னேன், சிரிக்கிறாங்க. "எம்.ஆர்.ஐ. பத்திச் செய்யுறாங்க, சீ.டி. பத்திச் செய்யுறாங்க, நீ மூச்சு பத்திச் செய்"னு சொல்றாங்க.

---

பழைய டார்க்ரூம்:

மகள், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நான் 34 வருஷம் இந்த வேலை பாத்து, இப்ப கினிகத்தேனையில மிளகு பறிச்சிக்கிட்டு இருக்கேன். நீ எழுதினத ரெண்டு தடவை வாசிச்சேன். உன் கேள்விக்குப் பதிலை நீயே எழுதி வெச்சிருக்க, ஆனா வேற இடத்துல தேடுற.

முதல் படம்: பாட்டி "சரிங்கய்யா"ன்னாங்க. ரெண்டாவது படம்: "சரிங்க மிஸ்"னாங்க. மூணாவது படம்: ஒண்ணும் பேசல.

நீயே ஒரு தடவை மூச்சை முழுசா இழுத்துக்கிட்டு "சரிங்கய்யா"ன்னு சொல்லிப் பாரு. இழுத்ததுல எவ்வளவு மிச்சம் இருக்கு?

நம்ம ஆளுங்களுக்கு அது பழக்கம். வெள்ளை உடுப்புல ஒருத்தர் ஏதாவது சொன்னா பதில் சொல்லாம நிக்க மாட்டாங்க. பெரட்டுக் களத்துல கங்காணி பேர் கூப்பிட்டாலும் சரி, ஒபிஸ்ல ஐயா கேட்டாலும் சரி, பேசாம நின்னா திமிருன்னு அர்த்தம். நாலு தலைமுறையா வந்த மரியாதை அது. எக்ஸ்ரே ரூமுக்குள்ள மட்டும் அந்த மரியாதை காத்தாப் போயிருது. இழுக்கச் சொன்னா இழுப்பாங்க, புடிக்கச் சொன்னா "சரிங்க"ன்னு விட்டுருவாங்க, நாம பட்டன அமத்துவோம்.

எனக்கு இது புரியவே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. நான் தமிழ்தான், என் பாஷையில ஒரு குறையும் இல்ல. ஆனாலும் வயசானவங்க படத்துல உதரவிதானம் மேல ஏறியே வரும். ஒருநாள் பின்னால நிக்காம பக்கத்துல நின்னு முகத்தைப் பாத்தேன். வாய் அசையுது. அன்னைக்கு வரைக்கும் அதைப் பாத்ததே இல்ல. ஏன்னா நெஞ்சுப் படத்துக்கு அவங்க நமக்கு முதுகு காட்டி நிக்கிறாங்க, நாம ஈயக் கண்ணாடிக்குப் பின்னால நிக்கிறோம். அவங்களுக்கு நம்ம மூஞ்சி தெரியாது, நமக்கு அவங்க வாய் தெரியாது. நடுவுல இருக்கிறது குரல் மட்டும்தான்.

இன்னொண்ணும் சொல்றேன். பட்டன்ல ரெண்டு கட்டம் இருக்குல்ல? முதல் கட்டத்துல ரோட்டர் சுத்த ஆரம்பிக்கும், "உய்ங்"னு ஒரு சத்தம் வரும். படம் எடுத்தாச்சுன்னு நெனச்சு அந்தச் சத்தத்துக்கே மூச்சை விடுறவங்க உண்டு. அதனால அவங்க இழுக்கும்போதே நான் முதல் கட்டத்தை அமத்திருவேன். புடிச்சவொடனே ரெண்டாவது. வயசானவங்களால ரொம்ப நேரம் தாங்க முடியாது. முதல் மூச்சுல எடுக்கவே மாட்டேன். ஒரு தடவை இழுத்து விடச் சொல்லி, ரெண்டாவது இழுப்புலதான் எடுப்பேன். பாடப் புத்தகத்துலயும் அது இருக்கு, ஓ.பி.டி. நாள்ல 60 பேர் வரிசையில நின்னா யாரும் செய்யுறதில்ல.

ரிஜெக்ட், அதாவது கெட்டுப் போச்சுன்னு தள்ளுற படங்களை எண்ணுறது பத்தியும் சொல்றேன். ஃபிலிம் காலத்துல எங்க டார்க்ரூம்ல ஒரு பழைய டீப்பெட்டி இருந்துச்சு. கெட்டுப் போன ஃபிலிம் எல்லாம் அதுக்குள்ள. ஃபிலிம்ல இருக்கிற வெள்ளியை எடுக்கிறதுக்காகச் சேத்து வெப்போம். அது நிரம்புறதக் கண்ணால பாத்தோம், கையால தூக்கினோம். மார்கழி மாசம்னா வேகமா நிரம்பும். ராத்திரி தண்ணி ஐஸ் மாதிரி ஆயிரும், டெவலப்பர் 20 டிகிரியில இருக்கணும், விடியக்காலம் அதுல பாதிகூட இருக்காது. டெவலப்பர்ல இருக்கிற ஹைட்ரோகுவினோன் குளிர்ல தூங்கிரும், படம் சாம்பலா, உயிரில்லாம வரும். ஒரு கண்ணாடிப் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி, மூடிய இறுக்கி, டெவலப்பர் தொட்டிக்குள்ள இறக்கி வெச்சிட்டு தேத்தண்ணி குடிக்கப் போவோம். திரும்பி வந்து தேர்மோமீட்டரப் பாத்துத்தான் முதல் ஃபிலிம்.

நான் அந்தப் பெட்டிய ஒரு தடவை கொட்டி, எக்ஸர்சைஸ் கொப்பியில கோடு போட்டு எண்ணியிருக்கேன். ஏன் கெட்டுச்சுன்னு ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். குளிரைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தோம், ஆனா நெஞ்சுப் படங்கள்ல குளிரைவிட மூச்சுதான் அதிகம். கொப்பி வீடு மாறுனப்போ தொலைஞ்சிருச்சு, அதனால கணக்குச் சொல்ல மாட்டேன்.

இப்ப சீ.ஆர்., டீ.ஆர்.னு ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் மெஷின் வந்த பிறகு பெட்டி இல்ல. ஒரு டிலீட். சில மெஷின் காரணம் கேக்கும். பிறகு நான் வேலை பாத்த ஒரு இடத்துல அந்தப் பட்டியலை எடுத்துப் பாத்தா முக்கால்வாசி ஒரே காரணம். ஆச்சரியமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா அது லிஸ்ட்ல முதல்ல இருக்கிற காரணம். அவசரத்துல எல்லாரும் மேல இருக்கிறதையே அமத்தியிருக்காங்க, நானும்தான். அதனால மெஷின் லொக்க மட்டும் நம்பி எழுதிராத. நீயே படத்தைத் திறந்து பாரு.

ஒழுக்கநெறிக் குழு அனுமதி வர்றதுக்கு முன்னால ஒரு பேர், ஒரு எண் எழுதாத. டைரக்டர் அனுமதியும் வேணும். அதுவரைக்கும் டியூட்டியில நின்னு வாயை மட்டும் பாரு.

---

லயத்துப் பையன்:

எனக்கு இந்தப் படிப்பு ஒண்ணும் தெரியாது, சும்மா வாசிச்சேன். எங்க அப்பாயிய நெஞ்சுப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ மூணு தடவை எடுத்தாங்க. வெளிய வந்து, "மூணு தடவையும் மரியாதையாத்தான் பேசினேன், ஏன்டா திட்டினாங்க"ன்னு கேட்டுச்சு. இப்பத்தான் புரியுது.

---

கதிர்க்கணக்கு:

குளிர் ஊத்துறதுக்கு மன்னிக்கணும். ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, கதிர்வீச்சு டோஸைக் காரணமாக் காட்டி முன்னுரை எழுதாதீங்க. ஒரு பெரியவரோட நெஞ்சு பீ.ஏ. படம் (கதிர் முதுகுல இருந்து முன்பக்கம் போற படம்) ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். இயற்கையா பூமியில இருந்தும் வானத்துல இருந்தும் நமக்கு வர்றது உலக சராசரியா வருஷத்துக்கு 2.4. மூணு தடவை எடுத்தாலும் சில நாள் இயற்கைக் கதிர்வீச்சுதான். "நோயாளியைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்ற"ன்னு தொடங்குனா வைவால முதல் கேள்வியிலேயே மாட்டிப்பீங்க. தேவையில்லாம ஒரு தடவைகூட எடுக்கக் கூடாதுதான், அதுல மாற்றமில்ல. ஆனா இங்க உண்மையான நட்டம் வேற: மூச்சு குறைஞ்ச படத்தைத் திரும்ப எடுக்காம *ஏத்துக்கிட்டா*, இதயம் பெருசுன்னு ஒருத்தர் எக்கோன்னு இதய ஸ்கேனுக்கு அலைவார், அடிநுரையீரல்ல நிமோனியான்னு மருந்து எழுதப்படும். பீ.ஏ. படத்துல இதய அகலம் நெஞ்சு அகலத்துல பாதிய தாண்டினா பெருசும்பாங்க. உதரவிதானம் மேல ஏறி இதயம் படுத்துட்டா நல்ல இதயமும் அந்தக் கோட்டைத் தாண்டும். நீங்க விட்டுட்டு வந்த ஏ.ஐ.க்கும் இதே படம்தான் சாப்பாடு.

ரெண்டாவது இன்னும் முக்கியம். ட்ரொலி அக்கா சொன்ன "மூட்டை தூக்குற மாதிரி தம் கட்டு" எனக்குப் பயமா இருக்கு. மூட்டை தூக்குறவங்க மூச்சை மட்டும் புடிக்கிறதில்ல, முக்குறாங்க. தொண்டைய அடைச்சு நெஞ்சுக்குள்ள அழுத்தத்தை ஏத்துறாங்க. அப்போ இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும். வல்சால்வாம்பாங்களே, அதுதான். இதயம் கொஞ்சம் சுருங்கும், நுரையீரல் ரத்தக் குழாய்களோட தோற்றமும் மாறும். அதாவது பத்து விலா வந்துருச்சுன்னு சந்தோஷப்படுறப்போ, இதயத்தை நிஜத்தைவிடச் சின்னதாக் காட்டுற படம் உங்க கையில இருக்கலாம். விலாவை மட்டும் எண்ணினா இது தெரியாது. இதய விகிதத்தையும் அளந்து வைங்க.

மத்தபடி மெஷின்ல வெக்கிற கே.வி., எம்.ஏ.எஸ்., டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் போச்சுன்னு காட்டுற எக்ஸ்போஷர் இண்டெக்ஸ், நோயாளியோட நிறை எல்லாத்தையும் குறிச்சு வைங்க. செலவில்லாத வேலை. டீவியேஷன் இண்டெக்ஸ் பிளஸ் 3னா டிடெக்டருக்கு இலக்கைப் போல ரெண்டு மடங்கு போயிருக்கு, மைனஸ் 3னா பாதி. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணைக்குழுவோட 2017 வெளியீடு 135, ஒரு பரிசோதனைக்கு ஒரு இடத்துல குறைஞ்சது 20 பேரோட டோஸ் அளவையாவது எடுக்கச் சொல்லுது. அதுல வழக்கமாப் பேசுற "சராசரி ஆள்" 70 கிலோ. மலையில கொழுந்து எடுக்குற பெண்கள்ல 70 கிலோ ஆளை நீங்க எத்தனை பேர் பாத்திருக்கீங்க? அதுவே இன்னொரு ஆராய்ச்சி. அடுத்த பெட்சுக்கு விட்டு வைங்க.

---

பொகவந்தலாவைக்காரி:

டார்க்ரூம் ஐயா, உங்க பதிலை வாசிச்சிட்டு எழும்பி கண்ணாடிக்கு முன்னால நின்னு "சரிங்கய்யா" சொல்லிப் பாத்தேன். ரூம்மேட் பயந்துட்டா.

இன்னைக்கு டியூட்டியில கொஞ்சம் பக்கவாட்டா நின்னேன். ஒரு அம்மாவோட கன்னம் அசையிறது தெரிஞ்சுச்சு. சத்தமே வரல, உதடு மட்டும் "ங்க"ன்னு மூடுது. ஒண்ணும் எழுதல, பாத்தேன், அவ்வளவுதான்.

கதிர்க்கணக்கு அண்ணா, வல்சால்வா படிச்சிருக்கேன், சோதனைக்கும் எழுதியிருக்கேன். ஆனா அந்தப் பாட்டியோட தோள் ஏறினது அதுதான்னு தோணவே இல்ல. நன்றி.

அப்போ எதை எதோட ஒப்பிடுறது? வார்த்தையா, பதில் சொல்ல வேணாம்னு சொல்றதா, ரெண்டாவது மூச்சா? எத்தனை பேர் வேணும்?

---

கூட்டல் கழித்தல்:

தங்கச்சி, நான் கண்டியில புள்ளிவிபரம் படிப்பிக்கிறன். ஊர் யாழ்ப்பாணம், தமிழ் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மூண்டையும் தனித்தனியாப் பார்க்க வெளிக்கிட்டால் உங்களுக்கு ஓய்வூதியம் வரும், பட்டம் வராது. எல்லாத்தையும் ஒரு பொதியாக் கட்டுங்கோ. படத்துக்கு முதல் ஒருக்கா ஒத்திகை. வாயை மூடச் சொல்லுறது. பதில் சொல்ல வேண்டாம் எண்டு முன்னமே சொல்லுறது. ரெண்டாவது மூச்சில எடுக்கிறது. இந்தப் பொதி ஒரு பக்கம், இப்ப வழமையாச் சொல்லுறது மற்றப் பக்கம். பொதிக்குள்ள எது வேலை செய்தது எண்டு உங்களால சொல்ல ஏலாது. அதைக் குறைபாடு எண்டு வெளிப்படையா எழுதுங்கோ, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.

இப்ப ஆட்களின்ர எண்ணிக்கை. "பத்து விலா இருக்கு, இல்லை" எண்டு ஆம்/இல்லைக் கணக்காப் பார்த்தால் ஆட்கள் நிறைய வேணும். உதாரணத்துக்கு, போதாத படம் 20 வீதத்தில இருந்து 10 வீதமாக் குறையும் எண்டு எதிர்பார்த்தால், 5 வீத முக்கியத்துவ மட்டம், 80 வீத வலு (வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்கிற வாய்ப்பு) எண்டு வைச்சால், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 பேர். 20 இல இருந்து 15 ஆத்தான் குறையும் எண்டால் ஒரு பக்கத்துக்கு 900. உங்களுக்கு ஏலாது. ஆனால் விலாவை *எண்ணி*, ஏழரை, எட்டு, ஒன்பதரை எண்டு எழுதினால் கணக்கு மாறும். ரெண்டு பக்கத்துக்கும் சராசரியில அரை விலா வித்தியாசம், நியம விலகல் ஒரு விலா எண்டு வைச்சால் ஒரு பக்கத்துக்கு 63 பேர் காணும். தகவலை ஆம்/இல்லைக்குள்ள அமுக்கினால் அதுக்கு ஆட்களால விலை குடுக்க வேணும். இந்த 20, 10, அரை விலா எல்லாம் நான் விளங்கப்படுத்த எடுத்த எண்கள். உங்கட இடத்து எண்களை ஒரு சின்ன முன்னோட்டத்தில எடுங்கோ, அனுமதிக்குப் பிறகு.

ஆளுக்கு ஆள் மாத்தி மாத்திச் சொல்ல வெளிக்கிட்டால் வரிசையில நிக்கிற அடுத்த ஆள் கேட்டுக்கொண்டு நிப்பா, கலந்துபோம். நாளுக்கு நாள் மாத்துங்கோ, எந்த நாள் எது எண்டு சீட்டுக் குலுக்கி எடுங்கோ. அப்பிடிச் செய்தால் ஒரே நாளில வாறவை ஒருத்தரோட ஒருத்தர் ஒத்திருப்பினம். கிளினிக் நாள் வேற, சாதாரண நாள் வேற. அதுக்காக 63 ஐக் கொஞ்சம் கூட்ட வேணும்.

விலா எண்ணுறவருக்கு அது எந்த நாள் படம் எண்டு தெரியக் கூடாது. ரெண்டு பேர் தனித்தனியா எண்ண வேணும். எவ்வளவு ஒத்துப்போகினம் எண்டதுக்கு கப்பாவோ, உள்வகுப்பு ஒட்டுறவுக் குணகமோ. அளவுகோலுக்கு ஐரோப்பிய ஆணைக்குழுவின்ர 1996 தர வழிகாட்டி இருக்கு: பின் விலா 10 அல்லது முன் விலா 6.

கடைசியா, ஆட்கள் அதிகம் விழுற குழி. ஆஸ்பத்திரி சேமிப்பில இருக்கிற படத்தை எடுத்து எண்ணாதையுங்கோ. அது *ஏற்றுக்கொண்ட* படம். அந்தப் பாட்டியின்ர கணக்கில அங்க இருக்கிறது மூண்டாவது படம் மட்டும்தான், அதைப் பார்த்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களுக்கு வேணும் முதல் படம். அழிக்க முதல் பிடியுங்கோ.

---

பழைய டார்க்ரூம்:

கடைசிப் பந்திக்கு ஒரு கும்பிடு. என் டீப்பெட்டி இப்ப அந்த அழிக்கிற படங்கள்லதான் இருக்கு.

எத்தனை வீதம் திரும்ப எடுத்தா மோசம்னு யாராவது கேப்பாங்க மகள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தோட 151ஆம் பணிக்குழு 2015இல ஒரு கணக்குச் சொல்லுது: பெரியவங்களுக்கு 8 வீதம் இலக்கு, 10ஐத் தாண்டினா ஏன்னு தேடு. பிள்ளைங்களுக்கு 5, 7. ஆனா ஒரு வீதமும் இல்லாத இடத்தைப் பாத்தா சந்தோஷப்படாத. அங்க கெட்ட படத்தையும் அப்படியே அனுப்புறாங்கன்னு அர்த்தம்.

மூட்டை தூக்குற கதையில கதிர்க்கணக்கு சொன்னதுதான் சரி. நானும் அந்த உதாரணத்தை நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கேன். இப்ப யோசிச்சா அந்தப் படங்கள்ல இதயம் எப்படி இருந்துச்சோ, யாருக்குத் தெரியும். "தம் கட்டு"ங்கிற வார்த்தை இருக்கட்டும், நம்ம ஆளுங்க காதுல அது சுருக்குனு ஏறும். மூட்டைய மட்டும் எடுத்துரு. பீலித் தண்ணியில தலைய நனைக்கிறப்போ எப்படி வாயை மூடிக்கிட்டு இருப்பாங்க, அதைச் சொல்லு. அதுல முக்கல் இல்ல.

சடைய நீ உச்சியில கட்டினேன்னு எழுதியிருந்த, அதுக்கு ஒரு சபாஷ். ஈரமா, எண்ணெய் வெச்ச சடை தோள்ல கிடந்தா நுரையீரல் உச்சியில ஒரு நிழல் விழும். காசநோய் உக்காருற அதே இடம். அதுக்காக ஒருத்தரைத் திரும்பக் கூப்பிட்டு, அவங்க ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு பஸ் ஏறி வந்ததை நான் பாத்திருக்கேன். சடையக் கட்டின பிறகு வந்த படத்துல ஒண்ணுமே இல்ல.

---

பொகவந்தலாவைக்காரி:

மிஸ்கிட்ட இன்னைக்குப் போனேன். அவங்களுக்குத் தமிழ் அவ்வளவா வராது. நான் "மூச்சை இழுங்க, புடிங்க"ன்னு சொல்லி, "சரிங்க மிஸ்"னு பதில் சொல்லச் சொன்னேன். சொன்னாங்க. சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சிங்களத்துலயும் "ஹரி மிஸ்"னு சொன்னாலும் இதேதானேன்னாங்க. ஆமா, இதேதான். அதனால தமிழ் பேசுற நோயாளிங்களோட மட்டும் தொடங்கி, சிங்களத்துக்கும் பிறகு ஒருத்தர் செய்யலாம்னு பின்குறிப்புல எழுதச் சொல்லியிருக்காங்க.

தலைப்பு போயாச்சு. 18 வயசுக்கு மேல, நிக்க முடிஞ்சவங்க, பீ.ஏ. மட்டும். படுக்கையில எடுக்கிறது இல்ல, மூச்சுத் திணறலோட வர்றவங்க இல்ல. ஆராய்ச்சிக்காக ஒரு எக்ஸ்ரேகூட அதிகமா எடுக்க மாட்டோம்னு ஒழுக்கநெறி விண்ணப்பத்துல முதல் வரியாவே எழுதியிருக்கேன். முதல் படத்தை அழிக்காம வெக்க, வேலை செய்யுற சேர்மார் ஒத்துக்கணும். அது ஒண்ணுதான் பயம், தங்களோட பிழையை எண்ணுறாளேன்னு நெனப்பாங்களோன்னு. அன்னைக்கு "மூச்சு எடு அம்மா"ன்னு சொன்ன சேர்கிட்டதான் முதல்ல கேட்டேன். சிரிச்சிட்டு, சரியான தமிழ்ல எழுதிக் குடு, சிங்கள எழுத்துல கண்ணாடியில ஒட்டிக்கிறேன்னார்.

அதுதான் இப்ப என் பிரச்சினை. அந்தத் தாள்ல என்ன எழுதுறது? இதுவரைக்கும் எழுதினது:

"இப்ப ஒரு தடவை பழகிப் பாப்போம். நான் சொல்றதுக்குப் பதில் சொல்ல வேணாம், செஞ்சா போதும். நல்லா மூச்சை இழுங்க. விடுங்க. திரும்ப இழுங்க. வாயை மூடி அப்படியே தம் கட்டுங்க. முக்க வேணாம்."

எங்க பக்கம் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் "தம் கட்டு"தான். பதுளை, அப்புத்தளைப் பக்கம் எப்படிச் சொல்வீங்க? வயசானவங்ககிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?

---

அப்புத்தளைக் குளிர்:

இப்பத்தான் எங்க அம்மாவைக் கேட்டேன். எங்க வீட்டுல "தம் புடி". "தம் கட்டு"ன்னு சொன்னாலும் விளங்கும்னாங்க. உங்க தாளை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். "பதில் சொல்ல வேணாம்"னு வந்தவொடனே "சரி"ன்னாங்க.

---

பொகவந்தலாவைக்காரி:

ஐயோ. அதுக்குத்தான் ஒத்திகை.